திரும்பிப் போகும் கப்பல்: கரிபியன் கடலும் எம்மவரும்

கரிபியன் கடலுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு விடயத்தில் மட்டும் சந்தேகம் கிடையாது. அவர்கள் திரும்பி வருவார்கள். போகும் நாளும் வரும் நாளும் ஒரே சீட்டில் அச்சடிக்கப்பட்டிருக்கும். தை, மாசி மாதங்களில் மொன்றியலின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கும்போது, உணவகங்களின் சமையலறைகளில் வேலை செய்யும் நாங்கள் இந்தப் பயணங்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். வழக்கமாக வரும் ஒருவர் இரண்டு கிழமை காணாமற்போய், வெயிலில் முகம் சிவந்து, மார்த்தினிக், குவாதலூப், பார்படோஸ் என்று தீவுகளின் பெயரை அடுக்கிக்கொண்டு வந்து சேருவார். கடைசி இரண்டு நாளும் மனம் சரியில்லை, வீட்டுக்குத் திரும்பவேண்டுமே என்று கவலையாக இருந்தது என்பார். வீடு திரும்புவது ஒரு கவலை என்பதைக் கேட்டு, கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதுண்டு.

இதே தீவுகளுக்கு எங்களுக்கு முன்னரே எம்மவர் போயிருக்கிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்திலும் திரும்பும் பயணம் எழுதப்பட்டிருந்தது. அந்த வாக்குறுதிக்கு என்ன நடந்தது என்பதைப் புலம்பெயர்ந்த நாம் அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் எம்முடைய கையிலும் இன்று சில கடதாசிகள் இருக்கின்றன.

மொன்றியலுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் உள்ள உறவு விமான நிலையத்தில் தொடங்கியதல்ல, துறைமுகத்தில் தொடங்கியது. 1925இல் கனடாவும் பிரித்தானியாவின் மேற்கிந்தியக் குடியேற்ற நாடுகளும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1928இலும் 1929இலும் ஐந்து பயணிகள் கப்பல்கள் ஓடத் தொடங்கின. லேடி நெல்சன், லேடி ஹோக்கின்ஸ், லேடி ட்ரேக், லேடி சோமர்ஸ், லேடி ரொட்னி என்று பிரித்தானியக் கடற்படைத் தளபதிகளின் மனைவியரின் பெயர்கள் அவற்றுக்கு வைக்கப்பட்டன. மக்கள் சுருக்கமாக லேடி கப்பல்கள் என்றார்கள். சென் லோறன்ஸ் ஆறு உறையாத காலத்தில் மொன்றியலிலிருந்தும், மாரிகாலத்தில் ஹலிபக்சிலிருந்தும் அவை புறப்பட்டன. கிழக்குப் பாதையில் போனவை பெர்முடாவைத் தாண்டி ஒவ்வொரு தீவாகத் தொட்டு, பார்படோஸ், திரினிடாட் வழியாகத் தென்னமெரிக்கக் கரையில் பிரித்தானிய கயானாவின் டெமெராரா ஆற்று முகத்துவாரம் வரை போய்த் திரும்பின.

போகும்போது மேல்வகுப்பு அறைகளில் உல்லாசப் பயணிகள் இருந்தார்கள். திரும்பும்போது அதே பயணிகளுடன் சீனியும் பாணியும் வாழைப்பழமும் வந்தன. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகும் ஏழைகள் திறந்த தளத்தில் இருந்து பயணம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இக்கப்பல்களில் மூன்று மூழ்கடிக்கப்பட்டன. எஞ்சிய இரண்டின் சேவையும் 1952இல் முடிவுக்கு வந்தது. இங்கே நாம் கவனிக்கவேண்டியது அந்தச் சீனியை. அதை விளைவித்தவர்கள் யார்?

மொன்றியலில் லஷீன் கால்வாய்க் கரையில் ஜோன் ரெட்பாத் என்பவர் 1854இல் சீனி சுத்திகரிக்கும் ஆலையைத் தொடங்கினார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கச்சாச் சீனியே அதற்கு மூலப்பொருள். பழைய ஆலைக் கட்டடங்கள் இன்று வசதியானவர்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. கால்வாயோரம் சைக்கிள் ஓடுகிறவர்கள் அவற்றைக் கடந்துதான் போகிறார்கள். அதே 1854ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், ஒறேலி என்ற கப்பல் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை இறக்கியது. குவாதலூப்பின் சீனி பெரும்பாலும் பிரான்சுக்கே போனது, மொன்றியலுக்கல்ல. ஆனாலும் ஒரே சீனிப் பொருளாதாரத்தின் இரண்டு முனைகள் இவை. ஒரு முனையில் ஆலை, மறுமுனையில் கரும்புத் தோட்டம்.

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் 1838இலும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இலும் அடிமைகள் முழுமையாக விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவர்கள் பழைய எசமான்களின் கீழ், அவர்கள் சொன்ன கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். தோட்டக்காரர்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிரித்தானிய கயானாவுக்கு 1838 தொடக்கம் 1917 வரை ஏறத்தாழ 239,000 இந்தியர்களும், திரினிடாட்டுக்கு 1845 தொடக்கம் ஏறத்தாழ 144,000 பேரும் கொண்டுவரப்பட்டார்கள். இவர்களில் பெரும்பான்மையோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர். சென்னையில் ஏறியவர்கள் ஒரு சிறு பகுதியினர். பிரெஞ்சுத் தீவுகளின் கதை வேறு. மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,500 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் போனார்கள். இவர்களில் மிகப் பலர் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள்.

காரைக்கால் எங்கே இருக்கிறது? நாகபட்டினத்துக்குச் சற்று வடக்கே. பருத்தித்துறையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் பாய்க்கப்பல்கள் போய்வந்த அதே கரை. அங்கிருந்து ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மேற்கிந்தியத் தீவுகளை அடையப் பாய்க்கப்பலுக்கு மூன்று மாதமளவில் பிடித்தது. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் இவர்களைக் கரைக்குத் தள்ளின. கரையில் ஆள்பிடிக்கும் மேஸ்திரிமார் காத்திருந்தார்கள். எம்முடைய காலத்து ஏஜென்சிக்காரரை அறிந்த எவருக்கும் அந்த மேஸ்திரியை விளங்கிக்கொள்வது சிரமமாக இராது.

ஒப்பந்தம் ஐந்து வருடங்களுக்கு. பிரெஞ்சுத் தீவுகளில் ஆணுக்கு மாதம் 12.50 பிராங், பெண்ணுக்கு 10 பிராங் கூலி. ஒப்பந்தம் முடிந்ததும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இலவசமாகத் திரும்பும் பயணம். 1861 ஜூலை 1ஆம் திகதி பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இந்த உரிமை எழுத்தில் இடம்பெற்றது. எழுத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அது நடைமுறையில் எப்படித் தேய்ந்தது என்பதுதான் கதை.

முதலாவது, ஐந்து வருடம் என்பது நாட்காட்டியில் உள்ள ஐந்து வருடமல்ல. வேலை செய்த நாட்களே கணக்கு. வேலைக்குப் போகாத நாட்கள் ஒப்பந்தத்தின் முடிவில் சேர்க்கப்பட்டன. ஐந்து வருடம் ஆறாகவும் ஏழாகவும் நீண்டது. இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்தாலும் கப்பல் உடனே வராது. கப்பல் நிறையும் அளவுக்கு ஆட்கள் சேரும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பவருக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பாட்டுக்கு வேலை வேண்டும். வேலைக்கு மீண்டும் கைநாட்டு வைக்கவேண்டும். மறுபடி ஒப்பந்தம் செய்தால் ஊக்கப்பணம் உண்டு என்று தோட்டக்காரரும் ஆசை காட்டினார்கள்.

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளிலும் இந்த வாக்குறுதி படிப்படியாகச் சுருங்கியது. ஐந்து வருட ஒப்பந்தத்துக்குப் பிறகு மேலும் ஐந்து வருடம் அங்கேயே வசித்தால்தான் இலவசப் பயணம் என்று விதி வந்தது. 1869 தொடக்கம் திரினிடாட்டில், திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பவருக்குப் பத்து ஏக்கர் காணி தருவதாக அரசு சொன்னது. 1898இலிருந்து ஆண்கள் கப்பற் கட்டணத்தில் பாதியையும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கையும் தாங்களே கட்டவேண்டியதாயிற்று. இலவசம் என்று சொல்லிக் கூட்டி வந்த பயணத்துக்கு, அறுபது வருடத்தில் பாதி விலை குறிக்கப்பட்டுவிட்டது.

இதன் விளைவு என்ன? கயானாவுக்குப் போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே திரும்பினார்கள். குவாதலூப்பில் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லோரும் விரும்பித் தங்கியவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. நோயாலும் வேலையாலும் பெருந்தொகையானோர் மாண்டுபோனார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் இந்தியரின் நிலை பற்றி வந்த முறைப்பாடுகளைத் தொடர்ந்து 1888இல் பிரித்தானிய இந்திய அரசு அங்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

திரும்பும் கப்பலில் ஏறியவர்களின் கடைசி நாட்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். சேமித்த காசில் கொஞ்சம் வெள்ளிக் காப்பாகவும் சங்கிலியாகவும் உடம்பில் இருக்கும். தீவில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிரியோல் மொழிதான் வாயில் வரும். தாயும் தகப்பனும் வருடக்கணக்காகச் சொல்லிவந்த ஊரை அவர்கள் கண்டதில்லை. அதே கப்பலில் இனி வேலைக்கு உதவாது என்று அனுப்பப்படும் வயோதிபரும் நோயாளிகளும் இருப்பார்கள். உல்லாசக் கப்பலின் கடைசி நாட்களில் பயணிகள் பெட்டி அடுக்குவார்கள், வடக்கே போகப்போகக் குளிர் ஏறும், வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். இவர்களுடைய வீட்டில் எது எஞ்சியிருந்தது? 1876 தொடக்கம் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைத் தின்றது. அதன் பிறகு திரும்பியவர்களில் எத்தனை பேர் தம் தெருவில் தெரிந்த முகத்தைக் கண்டிருப்பார்கள்?

உயிரோடு உறவினர் இருந்தாலும் வேறொரு தடை இருந்தது. கடல் கடந்தவர் சாதியிழந்தவர். எந்தச் சாதிக்காரன் சமைத்ததை உண்டான், யாரை மணந்தான் என்ற கேள்விகள் எழும். பணம் உள்ளவரை பரிகாரம் செய்யச் சொல்லுவார்கள். பணம் தீர்ந்ததும் கதவைச் சாத்துவார்கள். கல்கத்தாவில் கப்பல் கரையடையும் பகுதிக்கு அருகே மாட்டியாபுரூஸ் என்ற இடத்தில், ஊரால் ஏற்கப்படாது திரும்பியோர் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்தார்கள். பிஜி, திரினிடாட், கயானா, சுரினாம் எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தங்களைத் திரும்பவும் தோட்டங்களுக்கே அனுப்பிவிடும்படி அதிகாரிகளிடம் கெஞ்சினார்கள். 1931இல் பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை இவர்களின் அவலத்தைப் பதிவு செய்தது. தென்னாபிரிக்காவிலிருந்து ஊக்கப்பணம் கொடுத்து அனுப்பப்பட்டோரைப் பற்றியும் அது பேசியது. அவர்களில் தமிழர் பலர்.

திரினிடாட்டில் பிறந்த எழுத்தாளர் வி. எஸ். நைபால் ஒரு சம்பவத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். கங்கை என்ற பெயருடைய கப்பல் 1931இல் திரினிடாட்டிலிருந்து ஒரு தொகுதியினரை இந்தியாவுக்கு ஏற்றிச் சென்றது. அடுத்த வருடம் அது மறுபடியும் ஆட்களுடன் கல்கத்தாவை அடைந்தபோது, முன்னர் திரும்பியிருந்தவர்கள் தங்களை மீண்டும் ஏற்றிப்போகச் சொல்லிக் கப்பலை முற்றுகையிட்டார்கள். இறங்குகிறவர்களும் ஏறத் துடிக்கிறவர்களும் ஒரே கரையில். இரு பகுதியினரும் தேடியது ஒன்றைத்தான்.

பிரித்தானிய கயானாவிலிருந்து கடைசியாகத் திரும்பும் கப்பல் 1955 செப்ரெம்பரில் புறப்பட்டது. அதன் பெயர் றிசேஜென்ட். மீண்டெழுவது என்று பொருள். இருநூற்றுச் சொச்சம் பேர் அதில் போனார்கள். மொன்றியலிலிருந்து லேடி கப்பல்கள் போய்த் திரும்பிய அதே டெமெராரா ஆற்று முகத்துவாரம்தான் அவர்களும் புறப்பட்ட இடம். உல்லாசப் பயணியின் கப்பல் சில கிழமைகளில் திரும்பியது. ஒப்பந்தக் கூலியின் கப்பல் புறப்படுவதற்கு ஒரு ஆயுட்காலம் எடுத்தது.

இது ஏதோ தூரத்துக் கதை என்று இலங்கையிலிருந்து வந்த நாம் சொல்லிவிட முடியாது. எமது மலையக மக்களின் கதையை ஒருகணம் நினைத்துக்கொள்வோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. இந்தப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, 1949 டிசெம்பரில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிகுதி 150,000 பேரைப் பின்னர் 1974இல் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போனவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று பத்திரங்களில் எழுதினார்கள். அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள். நீலகிரியில் இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. கரிபியனிலிருந்து மாட்டியாபுரூசுக்கும், மலையகத்திலிருந்து கோத்தகிரிக்கும் ஒரே பாதைதான் போகிறது. திரும்புவது யாருடைய விருப்பம் என்று இரண்டு இடத்திலும் எவரும் கேட்கவில்லை.

இனித் தீவுகளில் தங்கிவிட்டவர்களைப் பார்ப்போம். அவர்கள் மொழியை இழந்தார்கள். பிரெஞ்சு எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதிய இராமசாமி, முத்துசாமி, சிதம்பரம் ஆகிய பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. மாரியம்மன் அங்கே மலியேமின் ஆனாள். மதுரைவீரன் மல்தெவிலின் ஆனான். கடலில் காத்தருளும் நாகூர் ஆண்டவரை நாகுமிலா என்று கொடியேற்றி இந்துக்களே வணங்கினார்கள். மொன்றியலில் அந்தத் தீவுகளின் சாப்பாடு விற்கும் கடைகளில் கொலம்போ என்ற கறி கிடைக்கும். எம்மவர் இதைக் கேட்டதும் இலங்கைத் தலைநகரை நினைத்துக்கொள்வார்கள். குழம்பு என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்று சொல்லப்படுகிறது. அதன் தூளில் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு எல்லாம் உண்டு. மொழி போனபின்னும் கைப்பக்குவம் போகவில்லை என்பதைச் சமையலறையில் நிற்கும் நாங்கள் வியப்போடு ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ஆனால் கோயிலும் குழம்பும் மட்டும் ஒரு மக்களைக் காப்பாற்றிவிடுவதில்லை. குவாதலூப்பின் கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் இதை நன்றாக விளங்கிக்கொண்டார். தீவில் பிறந்த இந்தியப் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களா, பிரித்தானியப் பிரசைகளா என்ற கேள்வி எழுந்தது. அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்கு நிர்வாகம் ஆட்சேபம் தெரிவித்தது. 1904இல் சிதம்பரம் வழக்காடத் தொடங்கினார். 1923 வரை, பத்தொன்பது வருடங்கள் அந்தப் போராட்டம் நீண்டது. முடிவில் அவர்களுடைய பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் 1952இல் காலமானார். அவர் கேட்டது ஊருக்குத் திரும்பும் கப்பலை அல்ல. நிற்கும் இடத்தில் நிற்கும் உரிமையை.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றுதான் எம்மில் பலர் நினைக்கிறார்கள். இங்கே வேர் விட்டால் ஊரை மறந்தவன், ஊரை நினைத்தால் இங்கே ஒட்டாதவன் என்று பேசிக்கொள்கிறோம். கனடாவின் குடியுரிமை எடுப்பதே ஏதோ துரோகம் என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. சோம்பலாலும் பிரெஞ்சுப் பரீட்சைப் பயத்தாலும் விண்ணப்பக் காசு இல்லாமையாலும் தள்ளிப்போடுகிறவர்கள் அதைவிட அதிகம். கரிபியன் வரலாறு இதற்கு மாறான ஒன்றைச் சொல்லுகிறது. சிதம்பரத்தின் வழிவந்த தலைமுறைகள் இன்று பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் பாண்டிச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்து, கப்பற் பதிவேடுகளில் உள்ள ஊர்ப் பெயர்களைத் தேடுகிறார்கள். கோயிலில் அருச்சனை செய்துவிட்டு, சில கிழமைகளில் குவாதலூப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். எவரும் அவர்களைத் தடுப்பதில்லை. மாட்டியாபுரூசில் கிடந்தவனுக்கு இல்லாதது இதுதான். அவனிடம் ஊர் இருந்தது, ஆனால் இரண்டு கரைக்கும் போய்வரும் உரிமை எந்தக் கரையிலும் இருக்கவில்லை.

இப்போது எங்கள் கடதாசிகளுக்கு வருவோம். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தபோது உள்ளூர் மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்த அவர்களுக்குப் பின்னால் எத்தனையோ வழிகளில் நாங்களும் வந்தோம். எவருடைய ஒப்பந்தத்திலும் திரும்பும் பயணம் எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு விதி எழுதப்பட்டது. 2012 டிசெம்பரில் கனடாவில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர், தப்பி வந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அந்த நாட்டுக்குப் போய்வந்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை அவர் மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று கருதப்படக்கூடும். அகதி நிலையை நீக்கும்படி அரசு விண்ணப்பிக்கலாம். அது அந்தக் காரணத்தால் நீக்கப்பட்டால் நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்தே போய்விடும். தாயின் செத்தவீட்டுக்குப் போய்வந்ததும் இந்தக் கணக்கில் எழுதப்படலாம். கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டவருக்கு இந்த விதி பொருந்தாது.

ஆகவே ஊருக்குப் போக ஆசைப்படுகிறவர் முதலில் செய்யவேண்டியது ரிக்கற் வாங்குவதல்ல. குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்புவது. பிரெஞ்சு வகுப்பு தூரம் என்றால் இரண்டு பேராகச் சேர்ந்து போவோம். பாரத்தை வாசிக்கத் தெரியாத ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கட்டும். பழைய இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் கேட்கட்டும். சங்கங்களும் கோயில்களும் விழாவுக்கு மண்டபம் எடுக்கும் காசில் ஒரு பங்கை இதற்குச் செலவிடட்டும்.

புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தோரம், 1854இல் வந்திறங்கியவர்களின் நினைவாக, நூற்றைம்பதாவது ஆண்டையொட்டி 2004இல் எழுப்பப்பட்ட சின்னம் ஒன்று நிற்கிறது. அதற்கு 'முதல் நாள்' என்று பெயர். அதே துறைமுகத்தில்தான் இன்று உல்லாசக் கப்பல்களும் கட்டப்படுகின்றன. பொழுதுபடுமுன் கப்பலுக்குத் திரும்பவேண்டிய பயணிகள் அதைக் கடந்து நடக்கிறார்கள். எம்மவரில் எவராவது அந்தப் பக்கம் போனால், சற்று நின்று, பொறிக்கப்பட்டிருப்பதை வாசித்துவிட்டு வரட்டும்.